ஐந்து கட்டைக்கு எஃப் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 44. மானிப்பாயில் இருக்கிறேன், அரச அலுவலகம் ஒன்றில் வேலை. சிறுவயதில் வாய்ப்பாட்டுப் படித்து, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் மூன்றாம் தரம் வரை சித்தியடைந்தேன். 1995 இடப்பெயர்வோடு அது நின்றுபோனது. டொரொண்டோவிலிருந்து வந்த அண்ணாவின் மகன் போகும்போது தன் கிட்டாரை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து கைத்தொலைபேசியில் காணொளி பார்த்துப் பழகுகிறேன். ஜி, சி, டி கோர்ட்டுகள், அதாவது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் பிடிகள், ஓரளவு வருகின்றன. எஃப் கோர்ட் மட்டும் எப்படி அழுத்தினாலும் பாதிக் கம்பிகள் ஊமையாகவே நிற்கின்றன. விரல் நுனி எரிகிறது. என் விரல்களும் கட்டை, வயதும் போய்விட்டது.

நல்லூரில் ஒரு வீட்டில் ஞாயிறு பின்னேரங்களில் ஐந்தாறு பேர் கூடி வாசிக்கிறார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் பெண்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர் வரச்சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கணவரும் சொல்கிறார். எனக்குத்தான் கூச்சம். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போனால் ஊர் என்ன சொல்லும்? ஆசிரியர் ஒருவரிடம் ஒரு வருடம் ஒழுங்காகப் படித்து, எஃப் கைவந்த பிறகு போவது நல்லதா? அல்லது இந்த வயதில் இதை விட்டுவிடுவதே நல்லதா?

ஒரு வாசகி, மானிப்பாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

வருகிற ஞாயிறே போங்கள். எஃப் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கடிதத்தில் விரலைக் குற்றம் சொல்கிறீர்கள், வயதைக் குற்றம் சொல்கிறீர்கள். கிட்டாரை ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் முதலில் அதன்மேல்தான். டொரொண்டோவில் குளிர்காலத்தில் சூடாக்கிய வீடுகளின் காற்று நன்றாக உலர்ந்தது. அந்தக் காற்றில் இருந்த மரம் இங்கே வந்து நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரத்தைக் குடித்திருக்கும். ஈரம் ஏறினால் மேற்பலகை சற்று உப்பும். அதன்மேல் ஒட்டியிருக்கும், கம்பிகளைத் தாங்கும் குதிரை உயரும், குதிரையோடு கம்பியும் உயரும். கடலும் நமக்குத் தூரமில்லை. உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் எஃகுக் கம்பி கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். அப்படிப்பட்ட கம்பி விரலையும் அறுக்கும், சுருதியிலும் நிற்காது. எஃப் பிடிக்க முதலாம் மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் மெட்டுகள்) ஒற்றை விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். கம்பி உயர்ந்து நிற்கும் கிட்டாரில் அது நெடுநாள் வாசித்தவர்களுக்கே கை நோகும் வேலை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூன்றாம் மெட்டில் ஒரு கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலாம் மெட்டுக்கு மேலே குனிந்து பாருங்கள். கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் தலைப்பக்கத்துக் கட்டையில் கம்பி உட்காரும் பள்ளங்களின் ஆழம் போதாது. 12ஆம் மெட்டில் தடித்த கம்பி இரண்டரை மில்லிமீற்றருக்கு அதிகம் மேலே நின்றால், குதிரையில் செருகியிருக்கும் வெள்ளைக் கட்டையின் அடியைத் தேய்த்து இறக்க வேண்டும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தேய்க்கும் வேலையைப் பழகிய கைகளிடம் விடுங்கள். அது தெரிந்தவர், குறைந்தது தெரிந்தவரைத் தெரிந்தவர், அந்த நல்லூர்க் கூட்டத்தில் இருப்பார். கம்பியை மாற்றும்போது 10ஆம் அளவு மெல்லிய கம்பி கேளுங்கள். வழக்கமாகப் பூட்டும் 12ஐ விட விரலுக்கு மிகவும் இலகு. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிடுங்கள்.

சக வாசிப்பாளர்கள் தேவை என்று நான் அடித்துச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். காணொளியில் சொல்லித்தருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்க்க அவரால் முடியாது. பக்கத்தில் இருப்பவர் வாங்கி, ஒரு தடவை மீட்டிவிட்டு, “இந்தக் கம்பியோடா இவ்வளவு நாளும் மல்லுக்கட்டினீர்கள்?” என்று கேட்பார். இத்தனை மாதமாக உங்கள்மேல் நீங்களே சுமத்திய பழி அந்த ஒரு கேள்வியில் இறங்கிவிடும்.

இனி எஃப். நீங்கள் வாய்ப்பாட்டுப் படித்தவர் என்பதால் சுருதியைக் குறிக்கும் கட்டைக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு கட்டை சி. ஐந்து கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ. நம் பெண்கள் பெரும்பாலும் ஐந்திலோ ஐந்தரையிலோதான் பாடுகிறார்கள். நீங்களும் அங்கேதான் பாடியிருப்பீர்கள். ஜியைச் சட்ஜமாக வைத்தால் மத்திமம் சி, பஞ்சமம் டி. அதாவது ச, ம, ப மூன்றின்மேலும் எழும்பும் மூன்று கோர்ட்டுகளும் உங்களுக்கு ஏற்கெனவே வருகின்றன. சங்கராபரணத்தின் சுரங்களுக்குள் நிற்கும் எத்தனையோ எளிய பாட்டுகளுக்கு இந்த மூன்றும் போதும். சியைச் சட்ஜமாக வைக்கும்போதுதான் எஃப் மத்திமமாக வந்து வழிமறிக்கும். தொடக்கப் பாடங்கள் பல சியில் ஆரம்பிப்பதால் எஃப் ஏதோ வாசற்படி என்று தோன்றிவிடுகிறது. நீங்கள் ஒரு கட்டையில் பாடப்போவதில்லையே!

ஆசைக்குப் பழகுவதென்றால் ஐந்தாம் மெட்டில் அதே பிடியைப் பிடியுங்கள், அது ஏ கோர்ட். அங்கே கம்பி இலகுவாக இணங்கும், மெட்டுகளும் நெருக்கம். ஆறு கம்பிகளும் தெளிவாகப் பேசிய பிறகு ஒவ்வொரு மெட்டாகத் தலைப்பக்கம் நகருங்கள். அவசரமே இல்லை.

கூட்டத்தில் கிடைக்கும் இன்னொன்று தாளம். தனியே வாசிக்கும்போது விரல் பிந்தினால் பாட்டு உங்களுக்காக நிற்கும். நீங்கள் நிறுத்துவது உங்களுக்கே தெரியாது, நாளடைவில் அது கையில் பதிந்துவிடும். நாலு பேர் வாசிக்கும்போது பாட்டு நிற்காது. தவறிய கோர்ட்டைத் துரத்தாமல் அடுத்த சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், ஏறிக்கொள்ள வேண்டும். முதல் நாள் முழுவதும் வாசிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் சமத்தில் மட்டும் ஒரு தட்டல், மிச்ச நேரம் அடுத்த கோர்ட்டுக்கு விரலை நகர்த்துவதற்கு. மூன்றாம் தரம் வரை தாளம் போட்ட கைக்கு இது கடினமல்ல.

பாஷையூரில் ஒரு வீட்டு விறாந்தையில் இப்படியொரு கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் பல காலம் வாசித்த பெரியவர் ஒருவர், புதிதாக வந்த ஆளுக்கு முன்னால் தன் கதிரையைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இடது கை அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கோர்ட் மாறுவதற்கு ஓர் அட்சரம் முன்பே நாடியை மெல்ல உயர்த்துவார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டின் இரண்டாம் சரணத்தில் புதியவர் அந்த நாடியைப் பார்த்தே மாறத் தொடங்கிவிட்டார். பெரியவரும் ஒரு காலத்தில் குழுவில் பக்கத்தில் நின்றவரின் கையைப் பார்த்துத்தான் பழகியிருப்பார். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழ் வழிபாட்டுப் பாடல்களோடு கிட்டார் வாசித்த பலரும் வளர்ந்த வழி அது.

இனி ஊர். கலை என்றால் நமக்குத் தரம், பரீட்சை, சான்றிதழ், அரங்கேற்றம். ஓ.எல். பரீட்சை நெருங்கியதும் பிள்ளையின் வீணை உறைக்குள் போய்விடும். சபைப் பரீட்சைகளை நான் மதிக்கிறேன், உங்கள் சுருதிஞானம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் தேறிய பிறகே நாலு பேர் முன்னால் போகலாம் என்ற எண்ணமும் அதே பழக்கத்திலிருந்து வந்தது. மார்கழி விடியற்காலையில் அதே ஒழுங்கையால் திருவெம்பாவைக்காரர் சங்கும் சேமக்கலமுமாகப் போகிறார்கள். எந்தத் தரம் சித்தியடைந்தீர்கள் என்று அவர்களை யாராவது மறித்துக் கேட்டதுண்டா? 1960களிலும் 70களிலும் ஈழத்துப் பொப்பிசையைக் கேட்டு ஆடிய ஊர் இது. கிட்டார் இதற்குப் புதிதல்ல.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் கையில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பாட்டு வகுப்பை யார் எடுத்துக்கொண்டு போக முடியும்? 14 வயதில் உங்களிடமிருந்து போனதை 44 வயதில் திரும்ப எடுப்பதற்கு எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. விட்டுவிடுவது நல்லதா என்று கேட்டீர்கள். இல்லை.

ஆசிரியரிடமும் போங்கள், ஆனால் கூட்டத்துக்குப் போவதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். விரல் நுனி எரிவது சில வாரங்களில் தோல் தடித்ததும் அடங்கும். மணிக்கட்டோ முழங்கையோ நோகத் தொடங்கினால் உடனே நிறுத்தி, கை வைக்கும் முறையைத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். கூட்டம் எப்படிப்பட்டது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். எல்லோரும் சேர்ந்து சுருதி கூட்டி, உங்களுக்கு வருகிற பாட்டு எது என்று கேட்டால் அங்கேயே இருங்கள். ஒருவரே வாசித்து மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் வேறு கூட்டம் தேடுங்கள்.

கப்போ என்ற சிறு கவ்வியை இப்போதே வாங்க வேண்டாம், அங்கே யாரிடமாவது இருக்கும். முதலாம் மெட்டில் பூட்டினால் அதே ஜி, சி, டி பிடிகளில் ஐந்தரைக் கட்டை, இரண்டாம் மெட்டில் ஆறு. பாடிப் பார்த்து, குரல் எங்கே சுகமாக நிற்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.