"யாருக்கு வாக்குப் போடுவீர்கள், செய்தி எதில் பார்ப்பீர்கள்" என்று ஒரு தோட்டத்தில் கருத்துக்கணிப்பு எடுத்திருக்கிறீர்கள். வாக்குக் கேள்விக்கு 120 பேரில் 70 பேர் "தெரியாது" என்றால் என்ன செய்வது?

அந்த 70 பேரைக் கழித்துவிட்டு மிச்சம் 50 பேருக்கு வீதம் போடாதீர்கள். "தெரியாது" என்பதும் ஒரு பதில்தான், அதைத் தனி வரிசையாகவே காட்டுங்கள்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்கார்ந்து கேட்டதாகவும், தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத்தின் தோட்டப் பொறுப்பாளர்) தான் வீடு வீடாகக் கூட்டிப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். சங்கத்து ஆள் பக்கத்தில் நிற்க, அடுத்த காம்பராவில் (அறையில்) இருப்பவர்களுக்கும் காது கேட்க, யாருக்கு வாக்குப் போடுவேன் என்று ஓர் அக்கா எப்படி வாய் திறப்பார்? அவருக்குத் தெரியாமல் இல்லை, சொல்ல விருப்பமில்லை.

சரி, இதைச் சோதித்துப் பாருங்கள். வேறொரு லயத்தில் 20 பேரிடம், தலைவர் இல்லாமல், சின்னங்கள் அச்சடித்த தாளைக் கொடுத்து, தனியாக அடையாளமிட்டு மடித்துப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். "தெரியாது" சட்டென்று குறைந்தால் காரணம் பெரும்பாலும் பயம்தான்.

அப்புறம், "வழக்கமாகச் செய்தி எதில் பார்ப்பீர்கள்" என்று கேட்டால் எல்லாரும் மரியாதைக்கு டிவி என்பார்கள். "நேற்று ராத்திரி எதில் பார்த்தீர்கள்" என்று கேளுங்கள், போன் வெளியே வரும்.

ஒன்று மட்டும் கவனம். குலுக்கலில் எடுத்த 120 பேரைக் கேட்டாலே விடை உண்மை நிலவரத்தைவிடச் சுமார் 9 வீதம் கூடக்குறைய வரலாம். உங்களுடையது ஒரே தோட்டம், அதுவும் பகலில் கேட்டது, கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளைகள் இதில் இல்லவே இல்லை. ஆகவே தலைப்பில் "மலையகம்" என்று போடாமல் அந்தத் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.