மேற்கத்திய சஸ்பென்ஸ் கதைகளை ஹிந்தியில் எடுத்தபோது பாட்டுகளை என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் பாட்டில் கை வைக்கவில்லை, சஸ்பென்ஸைத்தான் வளைத்தார்கள். அகதா கிறிஸ்டியின் தீவுக் கொலைக் கதையைத் தழுவிய ‘கும்நாம்’ (1965) நல்ல உதாரணம். மாளிகையில் ஒவ்வொருவராகச் செத்து விழுகிறார்கள். நடுவில் சமையல்கார மெஹ்மூத் லுங்கியோடு ஹெலனுடன் ஆடுகிறார்! பயம் எங்கே நிற்கும்? ஆனால் லதா பாடிய ‘கும்நாம் ஹை கோயி’ வேறு ரகம். கொலைகாரன் யாரென்ற பீதியைப் பாட்டே கிளப்பிவிடுகிறது. அந்த மெட்டும் இரவல்தான், ஹென்றி மான்சினியின் ‘ஷரேட்’ ஹாலிவுட் பட இசையிலிருந்து.

‘ரெபெக்கா’ ஆங்கில நாவலிலிருந்து வந்த ‘கோஹ்ரா’விலும் (1964) ஹேமந்த் குமாரின் பாட்டுகள் உண்டு.

துணிந்தவர் இயக்குநர் யஷ் சோப்ரா. ‘சைன்போஸ்ட் டு மர்டர்’ கதையை ஒட்டிய ‘இத்தெஃபாக்’கில் (1969) பாட்டே கிடையாது. ராஜேஷ் கன்னா, நந்தா, பெரும்பாலும் ஒரே வீடு, ஒரே இரவு. என் ஓட்டு இதற்குத்தான்.