மாஸ்க் விழுந்தால் முதலில் யாருக்குப் போடுவது?

கேள்வி: நான், என் 4 வயது மகள், மாமியார் மூவரும் அடுத்த மாதம் சென்னையிலிருந்து துபாய்க்குப் போகிறோம். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்து பயணிகளுக்குக் காதிலும் மூக்கிலும் ரத்தம் வந்த செய்தியைப் படித்ததிலிருந்து ஒரே பயம். ஆக்சிஜன் மாஸ்க் விழுந்தால் நமக்குப் போட்டுக்கொண்ட பிறகுதான் குழந்தைக்குப் போட வேண்டுமாமே? பெற்றவளுக்கு அது முடியுமா டாக்டர்? மாமியாருக்கு 63 வயது, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறார். அவர் பறக்கலாமா?

பதில்: முடியும் அம்மா, அப்படித்தான் செய்யவும் வேண்டும். உங்கள் மகளைக் காப்பாற்ற அதுதான் வழி. ஏன் என்று தெரிந்துகொண்டால் அந்த நேரத்தில் கை தயங்காது.

35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் அதை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் அளவுக்கு அழுத்தம் இருக்காது. அதனால்தான் கேபினுக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நமக்கு அது 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது மாதிரி. ஏறக்குறைய ஊட்டியின் உயரம். ஏதோ கோளாறால் அந்த அழுத்தம் இறங்கி, கேபினுக்குள் சுமார் 14,000 அடி உயர மலையில் இருப்பது மாதிரி ஆகிவிட்டால் மாஸ்க்குகள் தானாக விழும்.

35,000 அடியில் அழுத்தம் முழுவதும் போய்விட்டால், தெளிவாக யோசித்துக் கையைக் காலை அசைக்க நமக்குக் கிடைப்பது 30 முதல் 60 விநாடி. திடீரென்று போனால் அதுவும் குறையும். இதில் எனக்குப் பெரிய கவலை, அப்போது மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் போகலாம் என்பதுதான். மூச்சுத் திணறலை நமக்கு உணர்த்துவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. இங்கே அது சேருவதில்லை, வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தலை லேசாகும், சிலருக்கு மனசு உற்சாகமாகக்கூட இருக்கும், நகம் நீலமாகும், விரல் சொன்னபடி கேட்காது. ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டே நினைவு தப்பிவிடும்.

பயிற்சி பெற்ற விமானிகளுக்கே இது நடந்திருக்கிறது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் விமானத்தில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் தானியங்கி நிலைக்கு மாற்றப்படாமல் இருந்தது. எச்சரிக்கை ஒலித்தும் அது எதற்கானது என்று விமானிகளுக்குப் பிடிபடவில்லை. கேபினில் மாஸ்க்குகள் விழுந்தன, அவர்களோ மாஸ்க் அணியாமலே நினைவிழந்தார்கள். விமானம் தானாகவே பறந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 121 பேரும் இறந்துபோனார்கள்.

இப்போது உங்கள் இருக்கைக்கு வருவோம். மிரண்டுபோன நாலு வயதுக் குழந்தை மாஸ்க்கைத் தட்டிவிடும், தலையை ஆட்டும். அவளோடு மல்லாடுவதிலேயே உங்கள் அரை நிமிடம் போய்விடும். அப்புறம் நீங்கள் மயங்கினால் அவளுக்கு யார் போட்டுவிடுவார்கள்? மாறாக, நீங்கள் முதலில் போட்டுக்கொண்டால், அவள் சில விநாடி மயங்கினாலும் மாஸ்க் ஏறியதும் பெரும்பாலும் விரைவிலேயே தெளிந்துவிடுவாள். மாமியாரிடமும் சொல்லிவையுங்கள், அவரும் தனக்குத்தான் முதலில் போட வேண்டும்.

மாஸ்க்கை வெடுக்கென்று இழுத்தால்தான் பல விமானங்களில் ஆக்சிஜன் வரத் தொடங்கும். பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டுதான் இருக்கும். லேசாகக் கருகல் வாசனை வந்தாலும் கழற்றாதீர்கள். பொதுவாக 12 நிமிடமாவது வரும். அது போதும், அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். 2008 ஜூலை 25 அன்று ஹாங்காங்கிலிருந்து மெல்போர்னுக்குப் போன குவாண்டாஸ் விமானத்தில், 29,000 அடியில் ஆக்சிஜன் சிலிண்டர் வெடித்து உடற்பகுதியிலேயே ஓட்டை விழுந்தது. வேகமாகக் கீழே இறக்கி மணிலாவில் தரையிறக்கினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். அப்படி வேகமாக இறங்கும்போது விமானம் விழுகிறது என்றுதான் தோன்றும், பயப்படாதீர்கள்.

நீங்கள் படித்தது 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தைப் பற்றியதாக இருக்கும். கேபினுக்குக் காற்று அனுப்பும் சுவிட்சைப் போடாமல் விட்டதால், சுமார் 30 பேருக்குக் காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்தது. நடுக்காதிலும் சைனஸிலும் அடைபட்ட காற்றுக்கும் வெளி அழுத்தத்துக்கும் ஒத்துப்போகாதபோது மெல்லிய சவ்வுகள் கிழிந்து ரத்தம் கசியும். பார்க்கப் பதறும்தான், ஆனாலும் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டினால் போதும். சாதாரணப் பயணத்திலும் இறங்கும்போதுதான் காது அடைக்கும் என்பதால், அப்போது மகளைத் தூங்கவிடாமல் ஏதாவது குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். சளி பிடித்திருந்தால் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரின் ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் தாராளமாகப் பறக்கலாம். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். ஆனால் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, அல்லது விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே காட்டுகிறது என்றால், டிக்கெட் போடும் முன் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் பயணத்தின்போது ஆக்சிஜன் கொடுக்க எழுதித் தருவார். அதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அண்மையில் விழித்திரை அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயு வைத்திருந்தாலோ, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தாலோ, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை யாரும் விமானம் ஏறவே கூடாது.