கஸ்பாரியின் புத்தகம்

அன்புள்ள ஐயா,

போப்பாண்டவரின் தனி நாடு எப்படி உருவானது என்று நீங்கள் எழுதிய கட்டுரையில் கர்தினால் கஸ்பாரி என்ற பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போகிறது. முசோலினியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு குருவானவர் இருக்கிறார். அதைப் படித்துவிட்டு, "கஸ்பாரியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா?" என்று வருத்தப்பட்டார். அவர் குருமடத்தில் படித்த காலத்தில் திருச்சபைச் சட்டம் என்றாலே கஸ்பாரிதானாம்.

எனக்கு இரண்டு கேள்விகள். யார் இந்த மனிதர்? அடுத்தது கொஞ்சம் கோபத்தோடு கேட்பது: அன்பைப் போதித்தவர் பெயரில் இருக்கும் ஒரு சபைக்கு 2414 சட்டங்கள் எதற்கு? அதைத் தொகுத்தவரை எதற்காகக் கொண்டாட வேண்டும்?

ஒரு வாசகர்,
தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெரியவர் வருத்தப்பட்டது நியாயம்தான். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் என் வீட்டிலேயே இருக்கிறது.

அம்மா கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. 1958-இல் நடந்த கல்யாணம். நம் பக்கத்தில் அத்தை மகன் என்றால் உரிமைக்காரன். ஆனால் சபைச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட உறவு. சபையிடம் விலக்கு வாங்கி வந்தால்தான் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள், அதற்கப்புறம்தான் கல்யாணம். தாத்தா உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். விலக்குக்கு மனு எழுதிய இடத்தில் ஒருவர் அறுபது ரூபாய் கேட்டார். மேலிடத்துக்குக் கட்ட வேண்டிய பணம், வழக்கமாக எல்லாரும் கொடுப்பதுதான் என்றார். அன்றைக்கு அறுபது ரூபாய் என்பது தாத்தா வீட்டில் ஒருபோதும் மொத்தமாக இருந்ததில்லை. பாட்டியின் கம்மலைக் கழற்றி வாங்கிக்கொண்டு அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

வழியில் ஒரு வயதான சாமியார் தங்கியிருந்தார். ஓய்வில் இருந்தவர். தாத்தா அவரிடம் ஆசீர்வாதம் வாங்கப் போனார், பேச்சுவாக்கில் விஷயத்தையும் சொன்னார். சாமியார் எழுந்து உள்ளே போய், கறுப்பு அட்டை போட்ட தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து லத்தீனில் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். விலக்குக்காக ஏழைகளிடம் எதுவும் வாங்கக்கூடாது. வசதி உள்ளவர்களிடமும் அலுவலகச் செலவுக்கு ஏதோ கொஞ்சம்தான் வாங்கலாம். இதற்கு மாறான வழக்கம் எதுவும் செல்லாது. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். ஒரு துண்டுத் தாளில் 1056 என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தாளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். அந்த மனிதர் எண்ணைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, மனுவை வாங்கிக்கொண்டார். கம்மல் பாட்டி காதுக்குத் திரும்பியது. இன்றைக்கு அது என் தங்கையிடம் இருக்கிறது.

அந்தக் கறுப்புப் புத்தகம்தான் 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. அதைக் கட்டி எழுப்பியவர் பியெத்ரோ கஸ்பாரி. அவர் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர்.

1852 மே 5-ஆம் தேதி, இத்தாலியின் மார்க்கே பகுதியில், சிபிலீனி மலைகளுக்குள் இருக்கும் உஸ்ஸிதா என்ற ஊரில் பிறந்தார். 2016 அக்டோபரில் வந்த நிலநடுக்கத்தில் இடிந்துபோன ஊர்களில் அதுவும் ஒன்று. அவர் பிறந்தபோது அந்த மலைகள் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தன. குருமடத்துக்குப் போய், ரோமில் தத்துவம், இறையியல், அப்புறம் திருச்சபைச் சட்டம், ரோமானியச் சட்டம் எல்லாவற்றிலும் பட்டம் வாங்கி, 1877-இல் குருவானார். 1880-இல் பாரிசின் கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்துக்குத் திருச்சபைச் சட்டப் பேராசிரியராகப் போனவர் 18 வருஷம் அங்கே இருந்தார். 1891-இல் வந்த திருமணச் சட்டம் பற்றிய அவருடைய இரண்டு தொகுதி நூல்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

பாரிஸ் அவருக்கு ஒரு பாடமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நாட்டில் 1804-இலேயே நெப்போலியன் சிவில் சட்டத்தையெல்லாம் ஒரே புத்தகமாக்கிவிட்டார். வரிசை எண், சுருக்கமான வாசகம், யாரும் எடுத்துப் பார்க்கலாம். திருச்சபையின் நிலைமையோ நேர் எதிர். 1140-ஐ ஒட்டிக் கிரேஷியன் என்ற சட்ட அறிஞர் தொகுத்தது, 1234-இல் போப் ஒன்பதாம் கிரகோரி வெளியிட்டது, 1298-இல் போப் எட்டாம் போனிபாஸ் சேர்த்தது, அதன் பிறகு பதினாறாம் நூற்றாண்டில் கூடிய திரெந்து சங்கத்தின் ஆணைகள், நூற்றாண்டுக் கணக்கில் வந்த போப்புகளின் மடல்கள், ரோம் அலுவலகங்களின் தீர்ப்புகள். எது உயிரோடிருக்கிறது, எது செத்துவிட்டது என்று கண்டுபிடிப்பதே ஒரு தொழில். 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் என்ற திருச்சபைப் பேரவைக்கு வந்த ஆயர்களே (பிஷப்புகளே), சட்டங்களுக்கு அடியில் புதைந்துகொண்டிருக்கிறோம் என்று மனு கொடுத்தார்கள். ஆயர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு கிராமத்துப் பங்குச் சாமியார் என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவர் 'வழக்கம்' என்று எதைச் சொல்கிறாரோ அதை நம்புவார். என் தாத்தாவிடம் சொன்னார்களே, அந்த 'வழக்கம்'.

1898-இல் பேராசிரியர் வேலையை விட்டு, பெரு, பொலிவியா, எக்வதோர் ஆகிய மூன்று நாடுகளுக்குப் போப்பாண்டவரின் பிரதிநிதியாகப் போனார். மூன்று வருஷத்தில் ரோமுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1904 மார்ச் 19-ஆம் தேதி பத்தாம் பயஸ் போப்பாண்டவர் தொகுப்பு வேலையை அறிவித்தார், கஸ்பாரி அந்தக் குழுவின் செயலர். அப்புறம் 13 வருஷம். ஒவ்வொரு பகுதியையும் வல்லுநர்களிடம் பிரித்துக் கொடுத்து எழுத வைப்பது, அதைக் கூடிப் பேசித் திருத்துவது, திருத்தியதை மறுபடி திருத்துவது. 1912 முதல் 1914 வரை வரைவுகளை அச்சிட்டு, இரகசியம் என்ற நிபந்தனையோடு உலகத்து ஆயர்களுக்கெல்லாம் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். உதவிக்கு இருந்த இளைஞர்களில் ஒருவர் யூஜேனியோ பச்செல்லி, பின்னாளில் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் ஆனவர். இதற்கு நடுவே 1907-இல் கஸ்பாரி கர்தினாலும் ஆனார்.

ஒரு பழைய குருமட நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பல பக்கங்களில் சட்டம் மேலே நான்கைந்து வரிதான். கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு இறங்கிக்கொண்டே போகிறது: எந்தப் போப், எந்த வருஷம், எந்தச் சங்கம், எந்த அலுவலகத்தின் எந்தப் பதில். அந்த அடிக்குறிப்புகள் கஸ்பாரி போட்டவை. பெரும்பாலான விதிகளுக்குக் கீழே அவை வேர் போல ஓடுகின்றன. அது போதாதென்று, அந்த ஆதாரங்களின் மூல வாசகங்களையே தனியாக அச்சிட ஆரம்பித்தார். 1923-இல் தொடங்கிய அந்த ஒன்பது தொகுதி வரிசை அவர் இறந்த பிறகு 1939-இல்தான் முடிந்தது. கடைசி மூன்றை முடித்தவர் ஹங்கேரியின் கர்தினால் செரேதி.

1917 மே 27, பெந்தகோஸ்தே ஞாயிறு அன்று தொகுப்பு வெளியானது. மறுவருஷம் மே 19-இலிருந்து அமல். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1914 அக்டோபரிலிருந்து கஸ்பாரிதான் வத்திக்கானின் அரசுச் செயலர், வெளிநாட்டு உறவுகளைப் போப்பாண்டவருக்காகக் கவனிப்பவர். அதாவது பகலெல்லாம் போர், தூதர்கள், கைதிகள் பற்றிய கடிதங்கள். மீதி நேரத்தில் ஞானஸ்நானம், கல்யாணம், கல்லறை பற்றிய சட்டங்களுக்குக் கடைசித் திருத்தம். தொகுப்பு வந்த இரண்டு மாதத்தில், 1917 ஆகஸ்ட் 1 தேதியிட்டு, பதினைந்தாம் பெனடிக்ட் போப்பாண்டவரின் சமாதான வேண்டுகோள் போரிட்ட நாடுகளுக்குப் போனது. அந்தப் போரைப் பயனற்ற படுகொலை என்று அது சொன்னது. எந்த அரசாங்கமும் காது கொடுக்கவில்லை.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் பாதி எனக்கும் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவந்ததற்கு ஒரு விலை இருந்தது. ஆயர்களை நியமிப்பது போப்பாண்டவரின் விருப்புரிமை என்று 329-ஆவது விதி சொல்லிவிட்டது. பல ஊர்களில் ஆலயக் குருக்கள் கூடி ஆயரைத் தேர்ந்தெடுத்த பழைய முறை அதோடு விதிவிலக்காகச் சுருங்கியது. ரோமுக்கு வெளியே இருந்த அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. பெண்கள் கோயிலில் முக்காடு போட வேண்டும் என்பதுகூட எண் போட்ட சட்டமானது. தொகுப்பின் ஐந்து பாகங்களில் ஒன்றுக்குப் 'பொருள்கள்' என்று தலைப்பு. ஞானஸ்நானம், நற்கருணை, திருமணம் முதலான ஏழு திருவருட்சாதனங்களையும் சபையின் சொத்துக்களையும் அந்த ஒரே தலைப்பின் கீழ் வைத்தார்கள். நற்கருணையும் நிலபுலனும் ஒரே பாகத்தில்! சட்டக்காரரின் கண்ணுக்கு அது சரியாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு வலிக்கிறது.

திருமணத்தின் முதன்மை நோக்கம் பிள்ளைப்பேறு, ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது இரண்டாவது என்று 1013-ஆவது விதி வரிசைப்படுத்தியது. குழந்தை இல்லாமல் ஐம்பது வருஷம் ஒருவரையொருவர் தாங்கிய தம்பதியை எனக்குத் தெரியும். அவர்கள் வாழ்க்கை எப்படி இரண்டாம் தரமாகும்? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த வரிசையைச் சொல்லாமல் விட்டது. 1983-இல் வந்த புதிய தொகுப்பு தம்பதியரின் நலனை முதலில் எழுதிப் பிள்ளைகளை அதன் பக்கத்தில் வைத்தது. கஸ்பாரியின் விதிகள் 2414 என்றால் இதில் 1752.

அப்புறம் முசோலினி. 1922-இல் பதினொன்றாம் பயஸ் போப்பாண்டவராக வந்தபோதும் கஸ்பாரியே அரசுச் செயலராகத் தொடர்ந்தார். புதுப் போப்பாண்டவர் பழைய செயலரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லாத விஷயம். 1923 ஜனவரியில் ஒரு செனட்டர் வீட்டில் அவர் முசோலினியை இரகசியமாகச் சந்தித்தார். கத்தோலிக்கர்களின் மக்கள் கட்சியை நடத்திய லூயிஜி ஸ்துர்சோ என்ற குருவானவர் அதே வருஷம் வத்திக்கானின் நெருக்கடியால் தலைமையிலிருந்து விலகினார், அடுத்த வருஷம் நாட்டைவிட்டே போனார். 1924-இல் சோஷலிஸ்ட் தலைவர் மத்தேயோத்தி கொல்லப்பட்டார். இதெல்லாம் கண்ணெதிரே நடந்த பிறகுதான் 1929 பிப்ரவரி 11-ஆம் தேதி ரோமின் லாத்தரன் அரண்மனையில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து. 44 ஹெக்டேர் நிலத்தில் ஒரு தனி நாடு, 75 கோடி லிரா ரொக்கம், 100 கோடி லிராவுக்குக் கடன் பத்திரம். கோயிலில் நடக்கும் திருமணம் அரசுச் சட்டப்படியும் செல்லும் என்பதும் அதில் அடக்கம். பாரிஸ் வகுப்பறையில் அவர் சொல்லிக்கொடுத்த திருமணச் சட்டம் இத்தாலியின் குடும்பங்களுக்குள் அப்படி நுழைந்தது.

1870-இல் இத்தாலி அரசு ரோமைப் பிடித்து, அது போப்பாண்டவர் கையை விட்டுப் போனபோது கஸ்பாரிக்கு 18 வயது. 59 வருஷப் பகை தீர்ந்து கையெழுத்துப் போட்டபோது வயது 76. அந்தக் கிழவரின் மனம் அன்றைக்கு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எழுதிக் கையெழுத்திட்டால் எதிராளி கட்டுப்படுவான் என்பது ஆயுள் முழுக்கச் சட்டத்தோடு வாழ்ந்தவரின் நம்பிக்கை. சர்வாதிகாரி காகிதத்துக்குக் கட்டுப்படுகிறவன் இல்லை. 1931-இல் முசோலினியின் அரசு கத்தோலிக்க இளைஞர் சங்கங்களை இழுத்து மூடியது, போப்பாண்டவர் கண்டித்து மடல் எழுத வேண்டி வந்தது. அதற்கு முந்தின வருஷமே கஸ்பாரி ஓய்வு பெற்று, அந்த இடத்துக்குப் பச்செல்லி வந்துவிட்டார். ஸ்துர்சோவை விலகவைத்ததற்கு மட்டும் எந்தச் சமாதானமும் எனக்குப் போதவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவரைப் பெரிய மனிதர் என்றுதான் சொல்வேன். சட்டம் இல்லாத இடத்தில் அன்பு நிறைந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை, அந்த இடத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மனநிலைதான் நிறைந்திருக்கும். அவர் நல்லவராக இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். என் தாத்தாவுக்கு அன்று அந்த அதிர்ஷ்டம் இல்லை. நான்கு இலக்க எண் ஒன்றுதான் இருந்தது. திருமணச் சட்டத்தில் கரைகண்ட ஒரு பேராசிரியர், பணம் பிடுங்கும் வழி எங்கே இருக்கும் என்று தெரிந்து அதை அடைத்திருக்கிறார். 'மாறான வழக்கம் எதுவும் செல்லாது' என்பதையும், 'திருப்பிக் கொடுக்க வேண்டும்' என்பதையும் சேர்த்து எழுதாமல் விட்டிருந்தால் அந்த மேஜையில் தாத்தா தோற்றிருப்பார்.

1934 நவம்பரில் ரோமில் ஒரு சர்வதேசச் சட்ட மாநாடு. ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்புக்கு 1400 வருஷம், ஒன்பதாம் கிரகோரியின் தொகுப்புக்கு 700 வருஷம் ஆனதைக் கொண்டாடக் கூடினார்கள். 82 வயதுக் கஸ்பாரி அங்கே தன்னுடைய தொகுப்பு உருவான கதையைச் சொன்னார். அந்த நவம்பர் 18-ஆம் தேதி இறந்துபோனார். ஆடு மேய்த்தவர்களின் ஊரான உஸ்ஸிதாவுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

உங்கள் பெரியவரிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அவர் படித்த பழைய புத்தகம் இன்னும் கைவசம் இருந்தால், 1056-ஆவது விதி இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? 1983 தொகுப்பில் அந்த எண்ணில் வேறு விஷயம் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 86 வயது. அந்தத் துண்டுத் தாளைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அந்தப் பக்கத்தை இதுவரை பார்த்ததில்லை.

அன்புடன்.