ஏபி கால்குலஸில் (அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) 5-க்கு 3 வந்திருக்கிறது; மறுபடி எழுதினால் பழையது மறையுமா?

மறையாது. தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் வருடத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில்தான். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு கல்லூரிகளுக்கு அனுப்பும் அறிக்கையில் இரண்டு மதிப்பெண்ணும் இருக்கும். பழையதைக் காட்ட விருப்பமில்லை என்றால் இரண்டு வழி. ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்கு மட்டும் போகாமல் நிறுத்திவைக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு, பின்னால் விடுவித்துக்கொள்ளலாம். ரத்து செய்வது இலவசம். ஆனால் திரும்பவே கிடைக்காது. 3-ஐ ரத்து செய்வது அவசரப் புத்தி. அதற்கே கிரெடிட் (அந்தப் பாடத்தைக் கல்லூரியிலேயே முடித்ததாகக் கணக்கு) தரும் கல்லூரிகள் பல.

முதலில், சேரப்போகும் கல்லூரி எத்தனை கேட்கிறது என்று பாருங்கள். 3 போதுமென்றால் மறுதேர்வு வீண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அடுத்த மே வரை காத்திருந்தால், கல்லூரியில் சேர்ந்தபின் எழுதியதை அது ஏற்குமா என்பதும் தெரிய வேண்டும்.

பதிவு பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளர் வழியாக, நவம்பரிலேயே. வசந்தகாலத்தில் விழித்துக்கொள்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

படிப்பில், 3-லிருந்து மேலே போகத் தடையாக இருப்பது பெரும்பாலும் விரிவான விடைப் பகுதி. ஆறு கேள்வி, 90 நிமிடம், மொத்த மதிப்பெண்ணில் பாதி. கடைசி விடை சரியாக இருந்தும் அலகையோ காரணத்தையோ எழுதாமல் புள்ளி போகும். பழைய வினாக்களை நேரம் வைத்து எழுதி, காலேஜ் போர்டே வெளியிடும் திருத்தும் விதிகளை வைத்துக் கறாராகத் திருத்துங்கள். தவறான விடைக்குக் கழிவு கிடையாது. கொள்குறி வினா எதையும் காலியாக விடாதீர்கள்.