கண் மூடவில்லை, காது கேட்கவில்லை, நடை தள்ளாடுகிறது: ஆபரேஷனுக்குப் பிறகு எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: எனக்கு 44 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வலது காது நரம்பில் வளர்ந்த கட்டிக்காக 5 மாதத்துக்கு முன் தலையில் ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய் இல்லை, கட்டியை முழுசாக எடுத்தாச்சு என்றார்கள். ஆனால் வாய் இடப்பக்கம் கோணிவிட்டது, வலது கண் மூடவில்லை, அந்தக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று வீட்டில் கோபப்படுகிறார்கள். தினமும் முகத்துக்குக் கரன்ட் வைக்கிறேன், பலூன் ஊதுகிறேன். இதெல்லாம் சரியாகுமா டாக்டர், இல்லை இப்படியேதானா?

பதில்: எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும். கண்ணை இன்றைக்கே கவனிக்க வேண்டும். முகத்துக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். நடை, நீங்கள் உழைத்தால் வரும். காது, பெரும்பாலும் திரும்பாது. இந்த வித்தியாசம் தெரியாமல் முகத்துக்கே எல்லா நேரத்தையும் செலவழித்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களைப் புதுச்சேரியில் என் வேலையில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கட்டி 8-ஆவது மூளை நரம்பில் வளர்ந்தது. கேட்பதும் உடம்பின் சமநிலையும் அந்த நரம்பின் வேலை. முகத்தை அசைக்கும் 7-ஆவது நரம்பு அதை ஒட்டியே, எலும்புக்குள் இருக்கும் குறுகலான வழியில் போகிறது. கட்டி பெரிதாகும்போது முக நரம்பை நாடாபோல் தட்டையாக இழுத்துவிடும். எவ்வளவு கவனமாகப் பிரித்தெடுத்தாலும் அது அடிபடலாம். முகம் கோணியது யாரோ செய்த தவறு என்று நினைத்துக் குமைய வேண்டாம்.

முதலில் கண். மூடாத கண் காய்ந்துபோகும். காய்ந்தால் கருவிழியில் புண் வரும், புண் ஆறினால் வெள்ளைத் தழும்பு நிற்கும், பார்வை போகும். சாதாரணமாகக் கண்ணில் தூசி விழுந்தால் உறுத்தி எச்சரிக்கும். கட்டி பெரிதாக இருந்தவர்களுக்கு முகத்தின் தொடு உணர்ச்சிக்கான 5-ஆவது நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது புண் வந்தாலும் வலிக்காது. ‘எனக்குக் கண் வலியே இல்லை’ என்று நிம்மதியாகச் சொல்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். உங்கள் கருவிழியில் உணர்ச்சி இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. கடலூரிலிருந்து புதுச்சேரி வரும் சாலையிலேயே, தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.

பகலில் கண்ணீர் மாதிரியான சொட்டு மருந்தை, டாக்டர் சொல்லும் இடைவெளியில் விடுங்கள். அடிக்கடி விட வேண்டியிருந்தால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். இரவில் ஆயின்ட்மென்ட் போட்டு டேப் ஒட்ட வேண்டும். அதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. கையைக் கழுவிக்கொண்டு, கீழ் இமையை இழுத்து, அரிசி அளவு ஆயின்ட்மென்ட் வையுங்கள். கீழே பார்த்தபடி மேல் இமையை விரலால் மெதுவாக இறக்குங்கள். முழுசாக மூடியதைக் கண்ணாடியில் உறுதி செய்துகொண்டு, இமை மேல் காகித டேப்பைக் குறுக்காக ஒட்டுங்கள். பாதி திறந்த கண்மேல் பஞ்சை வைத்துக் கட்டவே கூடாது. தூக்கத்தில் இமை திறந்துகொண்டால் பஞ்சு கருவிழியில் உரசும். அப்படிக் கட்டியதாலேயே புண்ணோடு வந்த ஒரு பெரியவரை மறக்க முடியவில்லை. விளக்கெண்ணெய், தாய்ப்பால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிவப்பு மாறும் மருந்து எதுவும் வேண்டாம்.

தையல் கடையில் பஞ்சுத் தூசி பறக்கும். பக்கமும் மறைக்கும் கண்ணாடி போடுங்கள். டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரே வேண்டாம். கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். முகம் திரும்ப நாளாகும் என்று தெரிந்தால் மேல் இமைக்குள் சின்ன எடை வைத்துக் கண்ணை மூட வைக்கலாம், அல்லது இமை ஓரத்தைக் கொஞ்சம் தைத்துவைக்கலாம். சின்ன ஆபரேஷன்தான், பிறகு பிரித்துக்கொள்ளவும் முடியும்.

இப்போது முகம். கரன்ட் வைப்பதையும் பலூன் ஊதுவதையும் நிறுத்தச் சொல்வேன். அறுபட்டோ நசுங்கியோ போன நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கரன்ட் வைத்தால் அது வேகமாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பலூன் ஊதுவது, பபிள்கம் மெல்வது போல முழு முகத்தையும் முக்கி அசைத்தால், வளர்ந்து வரும் நரம்பு இழைகள் தப்பான தசைகளோடு சேர்ந்து இயங்கப் பழகிவிடும். அப்புறம் சிரித்தால் கண் மூடும், சாப்பிட்டால் கண் இடுங்கும். கண்ணாடி முன் உட்கார்ந்து, உதட்டோரத்தை மட்டும் மெதுவாக, நல்ல பக்கம் இழுக்காத அளவுக்கு அசைத்துப் பாருங்கள். ஒரு நேரத்துக்கு 5 நிமிடம் போதும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் முக நரம்பு துண்டிக்கப்படாமல் இருக்கிறதா என்று எழுதியிருப்பார்கள். ‘இருக்கிறது’ என்றால் காத்திருக்கக் காரணம் உண்டு. 1 வருஷம் ஆகியும் துளி அசைவு இல்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள். நாக்கை அசைக்கும் நரம்பையோ மெல்லும் தசையின் நரம்பையோ முக நரம்போடு இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. தசை சுருங்கிப்போன பிறகு செய்தால் பலன் குறையும். நரம்பு துண்டிக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் அந்த 1 வருஷமும் காத்திருக்க வேண்டாம், இப்போதே கேளுங்கள்.

நடையைப் பற்றி எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது. நாம் விழாமல் நிற்க உள்காது, கண், பாதம் மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உங்களுக்கு ஒரு பக்க உள்காது நின்றுவிட்டது. இருட்டில் கண்ணும் உதவாது, அதனால்தான் தள்ளாட்டம். மீதி இருப்பதை வைத்துச் சமாளிக்க மூளை கற்றுக்கொள்ளும், ஆனால் அசைந்தால்தான் கற்றுக்கொள்ளும். கட்டைவிரலை முகத்துக்கு எதிரே நீட்டி, அதிலேயே பார்வையை வைத்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஒரு நிமிடம் திருப்புங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து முறை செய்யுங்கள். சுவரோரமாக, ஒரு காலின் குதியை மற்றக் கால் விரல்களை ஒட்டி வைத்து நடந்து பழகுங்கள். செய்யும்போது லேசாகத் தலை சுற்றும். சில நிமிடத்தில் அடங்கினால் சரி, அதற்காக விட்டுவிடாதீர்கள். தலைசுற்றல் மாத்திரை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் இந்தப் பழக்கத்தையே தாமதப்படுத்தும்.

பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு, தலையணைப் பக்கத்தில் டார்ச். சில்வர் பீச்சில் பகலில், துணையோடு, ஈர மணலில் நடப்பது நல்ல பயிற்சி. ஆனால் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் எல்லோரோடும் கடலில் இறங்க வேண்டாம். தண்ணீருக்குள் போனால் எது மேல், எது கீழ் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

காது திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள். சுத்தமாகப் போன காது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு திரும்புவது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் கண்டுபிடிக்கின்றன. நீங்கள் திரும்பாதது அலட்சியம் இல்லை, திசை தெரியவில்லை. இதை வீட்டில் படித்துக் காட்டுங்கள். இடப்பக்கமாக வந்து, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். கடையில் வலப்பக்கம் சுவர் வருமாறு மெஷினைத் திருப்பிப் போட்டால் வாடிக்கையாளர் பேச்சு நல்ல காதில் விழும். ரோடு கடக்கும்போது ஹாரனை நம்பாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். வலப்பக்கச் சத்தத்தை இடது காதுக்கு அனுப்பும் கருவிகள் உண்டு. சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இடது காதில் பட்ஸ் விடாதீர்கள்.

குனிந்தால் மூக்கிலிருந்து தெளிவான தண்ணீர் சொட்டினாலோ, காய்ச்சலோடு தலைவலியும் கழுத்து இறுக்கமும் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தத் தண்ணீர் சளியாக இல்லாமல், மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிவதாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் சொன்ன தேதியையும் தவற விடாதீர்கள்.

தவளக்குப்பம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். பஸ்ஸில் இடது வரிசையில் ஜன்னலோரம் வீட்டுக்காரர் உட்காரட்டும், அவருக்கு வலப்பக்கம் நீங்கள் உட்காருங்கள். வலது கண்ணில் காற்று அடிக்காது, அவர் பேசுவதும் இடது காதில் விழும்.