போன் ஹாட்ஸ்பாட் மட்டும் லேப்டாப்பில் தெரியவில்லை: கார்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்காகப் பழைய லேப்டாப் ஒன்றை ஒரு கடையில் வாங்கினோம். பில்லில் ஆறு மாத வாரன்டி எழுதியிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதில் தெரிகிறது. புதிதாக வாங்கிய என் ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட் மட்டும் பட்டியலிலேயே வருவதில்லை. பழைய போனில் இந்தத் தொந்தரவு இல்லை. கடையில் கேட்டால், "வைஃபை கார்டு போயிடுச்சு, மாத்த 2,500 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, திருவாரூர்

பதில்: கொடுக்காதீர்கள். கார்டு போயிருந்தால் பக்கத்து வீட்டு வைஃபையும் தெரிந்திருக்காது. பழைய போனோடு ஒழுங்காக ஓடிய லேப்டாப் அது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் புதுப் போனைத்தான்.

வைஃபை பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. விலை குறைந்த பழைய லேப்டாப்கள் பலவற்றில் 2.4 மட்டும் பிடிக்கும் கார்டுதான் இருக்கும். புதுப் போன் 5-இல் ஹாட்ஸ்பாட் கொடுத்தால் அந்த லேப்டாப்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிழை என்று எந்தச் செய்தியும் வராது, பெயர் மட்டும் பட்டியலில் இருக்காது. உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

போனில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸைத் திறந்து 'பேண்ட்' என்ற இடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும். ஆன்லைன் வகுப்புக்கு அது தாராளம். (ஐபோன் 12-லும் அதற்குப் பிறகு வந்த மாடல்களிலும் இதே வேலையை 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' செய்யும்.) அப்படியும் வராவிட்டால் அதே பக்கத்தில் செக்யூரிட்டி 'டபிள்யூபிஏ3' என்று இருக்கிறதா பாருங்கள். சில பழைய கார்டுகளுக்கு அது ஒத்துவராது, 'டபிள்யூபிஏ2'-க்கு மாற்றுங்கள். இன்னொன்று, யாரும் இணையாமல் சில நிமிடங்கள் போனால் ஹாட்ஸ்பாட் தானாகவே அணைந்துவிடும் போன்கள் உண்டு. அதனால் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்த கையோடு லேப்டாப்பில் தேடுங்கள்.

கார்டு எந்த வகை என்று நீங்களே பார்த்துவிடலாம். விண்டோஸ் என்றால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். கார்டின் பெயரில் 'டூயல் பேண்ட்' அல்லது '802.11ஏசி' என்று இருந்தால் அது 5-ஐயும் பிடிக்கும். அப்போது டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, புதுப்பித்துப் பாருங்கள். '802.11பிஜிஎன்' என்று முடிந்தால் 2.4 மட்டும்தான்.

நாளைக்கே வகுப்பு இருக்கிறது என்றால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள், நெட் வந்துவிடும். கேபிள் மட்டும் போனோடு வந்ததாக இருக்கட்டும். தெருக்கடையில் வாங்கும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது.

5 ஜிகாஹெர்ட்ஸ் கட்டாயம் வேண்டும் என்றாலும் லேப்டாப்பைப் பிரிக்கத் தேவையில்லை. யூஎஸ்பியில் செருகும் டூயல் பேண்ட் வைஃபை அடாப்டர் ஒன்று போதும். கடை கேட்கும் தொகையைவிட நிறையவே குறைவாகக் கிடைக்கும். ஆனால் அட்டைப்பெட்டியில் '5 ஜிகாஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். '150 எம்பிபிஎஸ்' என்று போட்ட குட்டி அடாப்டர்கள் 2.4 மட்டுமே பிடிக்கும். அதை வாங்கினால் பணமும் போய், பழைய சிக்கலும் அப்படியே இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கார்டில்தான் கோளாறு என்று கடை சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பில்லில் வாரன்டி இருக்கும்போது 2,500 ரூபாயை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? மறுத்தால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.